என் அம்மாவைத் தன் அம்மா என்று எழுதியவர்

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த சிறுதானியக் கம்பெனியின் முதலாளிக்குச் சேர்ந்தாற்போல நாலு வரி எழுத வராது. ஆனால் கம்பெனிக்காரர்கள் கோட்டுப் போட்ட படங்களோடு உலவும் அந்தத் தொழில் வலைத்தளத்தில் அவர் பெரிய எழுத்தாளர். எழுதியது நான். சாமை, தினை வாங்குவதற்காக என் ஊர் இருக்கும் கல்வராயன் மலைக்கு ஒரே ஒரு முறை கிளம்பினார். வளைவுகளில் வாந்தி எடுத்துப் பாதியிலேயே திரும்பிவிட்டார். பதிவுகளில் மட்டும் தினமும் மலையேறினார்.

பதிவைப் பலர் கண்ணில் பட வைக்கும் ரீச் என்கிற வித்தையை நான் மண்டையை உடைத்துக்கொண்டு கற்றேன். முதல் இரண்டு வரியிலேயே ஆளைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும். மீதியைத் தளம் மறைத்துவிடும். கம்பெனி லிங்க்கைப் பதிவுக்குள் போடக்கூடாது, கீழே கமெண்ட்டில் போட வேண்டும். போட்ட கையோடு எழுந்து போய்விடாமல், வருகிறவர்களுக்கெல்லாம் சுடச்சுடப் பதில் சொல்ல வேண்டும். நீளமான கமெண்ட்டுகள் விழ விழ, பதிவு தானாக ஓடும். இதையெல்லாம் அவர் பெயரில் நான் செய்தேன். பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தது. அவருக்கு மேடையும் சால்வையும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது "நல்லாப் பண்றம்மா."

என் சொந்தக் கணக்கில் ஒரே ஒரு முறை மனசைத் திறந்து எழுதினேன். என் அம்மாவைப் பற்றி. மழை பொய்த்த வருஷம் அது. விதைச் சாமை சுரைக்குடுவையில் நிறைய இருந்தும் அதைத் தொடாமல், காட்டுக்கிழங்கைத் தோண்டி வேகவைத்து எங்களுக்குப் போட்டாள். நாங்கள் அழுதால், "அது அடுத்த வருசத்துச் சோறு, கண்ணு" என்பாள். அந்த விதையை விதைக்கும்போது அவள் இல்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆனது. என் கணக்கை யார் பார்க்கிறார்கள்? தெரிந்தவர்கள் சிலர் பார்த்தார்கள்.

அதில் முதலாளியும் ஒருவர். அடுத்த வாரம் அவர் பக்கத்தில் என் அம்மா இருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியது. மலையைக் கிராமமாக்கியிருந்தார். காய்ச்சலை வெட்டிவிட்டு, "இன்று அம்மா என்னோடு இல்லை. அவர் காத்த விதைதான் என் கம்பெனி" என்று முடித்திருந்தார். அவருடைய அம்மாவோ குத்துக்கல் மாதிரி ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரே போய்க் கேட்டேன்.

"இன்னா சார் இது? எங்கம்மா சார் அது."

"கதை யாருதா இருந்தா இன்னாம்மா? உன் பேர்ல இருந்தா எவன் பாக்கப்போறான்? என் பேர்ல போனதால ஊரே பாத்துக்கினு இருக்கு. சந்தோஷப்படு."

"உங்கம்மா மேல இருக்காங்களே சார்."

"அவங்களுக்கு எங்க தெரியப்போவுது? நம்ம சொந்தக்காரன் எவன் இதுல இருக்கான்?"

கமெண்ட்டில் ஆயிரம் பேர் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செத்தது என் அம்மா, துக்கம் வாங்கிக்கொண்டிருந்தது இந்த ஆள். அன்றைக்கே வேலையை விட்டேன். ஆனால் அவரைச் சும்மா விடுவதாக இல்லை. அழ வைக்காமல் ஓயக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சொந்தக்காரர் ஒருவர் அந்தத் தளத்தில் இருந்தார். அது எனக்குத் தெரியும். முதலாளியின் தாய்மாமன் திருநாவலூரில் இருக்கிறார். நிலத்தகராறில் இரண்டு வீட்டுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. அந்த மாமனின் மகனுக்குச் சென்னையில் கம்பெனி வேலை. அவருடைய கணக்கைத் தேடிப் பிடித்தேன். பிறகு முதலாளியின் பதிவுக்குக் கீழே நீளமாக எழுதினேன்: "இந்தப் பதிவைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அம்மாவின் பிறந்த வீட்டாருக்கும் என் ஆழ்ந்த இரங்கல்." கடைசியில் மாமன் மகனுக்குத் தகவல் போகும்படி அவர் பெயரை டேக் செய்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. எந்த அம்மா என்று மட்டும் சொல்லவில்லை. கீழே வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் போட்டேன். படுத்துவிட்ட பதிவு எழுந்து மறுபடி ஓடியது. முதலாளி என் கமெண்ட்டுக்குக் கைகூப்பி நன்றி சொன்னார். எதையும் முதல் வரிக்குமேல் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை வைக்க வேண்டும். சாவு, காதில் விழுந்ததுமே கிளம்பிவிட வேண்டும். பேச்சு விட்டுப்போன வீடானாலும், பிணத்துக்குப் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை போய்ச் சேர வேண்டும். போன் போட்டு "செத்தது நிஜமா?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதிலும், தங்கச்சி சாவையே தன்னிடம் மறைத்துவிட்டான் என்று கொதித்துப்போன மாமன் எங்கே கேட்பார்?

நான் எதிர்பார்த்தது திட்டி ஒரு போன். வந்தது ஒரு வேன். கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த அக்கா எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். ஆபீஸ் வாசலில் திருநாவலூர் ஜனம் இறங்கியது. மாமன் கையில் ஆள் உயர மாலை. தாம்பாளத்தில் கோடிப் புடவை. பெண்கள் தெருவிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். உள்ளே சாமைப் பொங்கல் ருசி பார்த்துக்கொண்டிருந்த பெங்களூர்க்காரர்கள் ஸ்பூனும் கையுமாக வெளியே வந்து நின்றார்கள்.

மாடிப்படியில் முதலாளியின் அம்மா இறங்கி வந்தார். "யாருடா பூட்டா? இன்னாத்துக்கு அழுவறீங்க?"

மாமன் மாலையைக் கீழே போட்டுவிட்டார். "அடிப்பாவி, உசுரோட இருக்கியா நீ? நீ செத்துட்டன்னு உம்புள்ள உலகத்துக்கே எழுதி வச்சிக்கினு இருக்கானே!"

அந்தம்மா தாம்பாளத்தில் இருந்த தன் சாவுப் புடவையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். விட்ட அறையின் சத்தம் போனில் எனக்கே கேட்டது. என் நெஞ்சில் ஐஸ் கட்டி வைத்தாற்போலக் குளிர்ந்தது. அக்காவை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். அன்று மாலையே பதிவு காணாமல் போனது. பெங்களூர் ஆர்டரும் போனது.

மறுநாள் காலை என் வாடகை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அந்தம்மா. அவர் முதுகுக்குப் பின்னால் முதலாளி. பதிவில் இருந்தது யாருடைய அம்மா என்று அந்தம்மா பேக்கிங் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். சண்டைக்குத் தயாராக நான் இடுப்பில் கை வைத்தேன். அவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். என்னையும் இழுத்து உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மா எப்பம்மா பூட்டாங்க?"

அத்தனை ஆயிரம் பேரில் என்னிடம் அதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். உடைந்து அழுதுவிட்டேன். அவரும் என்னோடு சேர்ந்து அழுதார். பிறகு வாசலைப் பார்த்து, "ஊரான் துக்கத்த வாங்கிக்கினியே, உள்ள வந்து நீயும் கேளுடா" என்றார்.

முதலாளி ஷூவைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. "அம்மாவுக்கு... எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

எனக்கு அவசரம் எதுவும் இல்லை. ஒன்று விடாமல் சொன்னேன். நாங்கள் மூன்று பிள்ளைகளும் பார்த்திருக்க அம்மாவைக் கயிற்றுக்கட்டிலில் கட்டி மலையிலிருந்து இறக்கியதை, பாதி வழியில் மூச்சு நின்றதை, அதே கட்டிலை மறுபடி மேலே தூக்கிக்கொண்டு போனதை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது நிஜமான கண்ணீராகவே இருக்கலாம். அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, போன் இருக்கும் பைக்கு.

"இத வேற போஸ்ட்டா போட்டுடாதீங்க சார்" என்றேன்.