பன்னிரண்டாம் வீடு

மறை ஏட்டில் ஒரு வீட்டையே சுரண்டி எடுத்துவிட்டார்களாம் என்று அவளிடம் சொன்னவள் சலவைக்கடைக்காரி. யார் சொன்னது என்று கேட்டதற்கு, "ஊரே பேசுது, எனக்குன்னு ஒருத்தர் தனியா வந்து சொல்லணுமா?" என்றாள்.

அவள் சிரித்துவிட்டாள். நூலக நிலவறையில் பதினெட்டு வருடமாகப் பழைய தோல் ஏடுகளைப் பழுதுபார்க்கிறவள் அவள். மறை ஏட்டின் முதல் தாளில் பன்னிரண்டு வீடுகளின், அதாவது குலங்களின், பெயர்கள். வருடம் ஒருமுறை வழிபாட்டுக் கூடத்தில் அவளுடைய அண்ணன் அதை உரக்க வாசிப்பார். ஏட்டில் உள்ள வீட்டாரே நம்மவர்; செத்தால் இடுகாட்டுச் சுவருக்குள் இடம். மற்றவர்கள் வெளியே. எழுதி வைப்பதற்கு முன்பு, வந்து கூடியவர்கள் எல்லாரும் நம்மவராக இருந்திருப்பார்கள். பன்னிரண்டாவது அவள் வீடு: ஏடு எழுதுவோர்.

இன்று காலை தையற்காரர் வந்தார். விடியற்காலையில் அவர் மனைவி இறந்திருந்தாள்.

"அம்மா, நாங்க வாசல் காத்த வீடு. ஏட்டுல நம்ம வீடும் இருந்துச்சுன்னு எங்கப்பா சாகும்போதும் சொன்னாரு. வெளிச்சம் போட்டு ஒரு தடவை பாருங்க. நாலு மணிக்குக் குழி வெட்டணும். உள்ளேயா, வெளியேயா, அது மட்டும் தெரிஞ்சா போதும்."

அண்ணனிடம் சொன்னாள்.

"அவனுக்கு ஊசி தெரியும், உனக்குப் பசை தெரியும். ரெண்டு பேருமா சேர்ந்து மறையைத் திருத்தப் போறீங்களாக்கும்?"

"பார்க்கத்தானே போறேன்ணா."

"பார்த்துட்டுப் பேசாம இருக்க உன்னால ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே தெரியும்."

அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போட்டாள். இரும்பு மை தோலின் மேலோடு நிற்காது. உள்ளே கடித்து இறங்கும். கத்தியால் சுரண்டினால் கருப்பு போகும், கடித்த தடம் போகாது. பன்னிரண்டாம் வரிக்கு அடியிலிருந்து அது மெல்ல எழுந்து வந்தது: வாசல் காப்போர்.

அதைவிட அவளை உலுக்கியது வேறு. பதினொரு வரிகளிலும் எழுத்தின் வால் இடப்பக்கம் சற்றே வளைந்திருந்தது. அடியில் இருந்ததிலும் அதே வளைவு. மேலே எழுதியதிலும் அதே வளைவு. எழுதியவன், சுரண்டியவன், தன் வீட்டைச் சேர்த்துக்கொண்டவன் எல்லாம் ஒரே கை. அவளுக்கு இரத்தம் தந்த மூதாதையின் கை.

சுவருக்குள் அவள் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிறார்கள். 'உள்ளே' என்று சொல்லிவிடலாம். அப்புறம் வெளியே போக வேண்டியவர்கள் யார்?

விளக்கை அணைத்தாள். தாளிலிருந்து போன வரி கண்ணை விட்டுப் போகவில்லை.

மூன்று நாற்பது. மேசைமேல் தொலைபேசி அதிர்ந்தது. தையற்காரர். பசை காய்ந்த விரல்களை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.