வீட்டில் ஆள் உண்டா

எங்கள் அம்மாவிடம் எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்தான். சவுதியிலிருந்து போன் வந்ததா? அய்யா உண்டு. மோட்டார் சரியாச்சா? அய்யா உண்டு. சாமியை அய்யா என்று கூப்பிடும் எங்கள் அய்யாவழிக் குடும்பங்களில் வணக்கமும் அதுதான், ஆறுதலும் அதுதான். எனக்கு அப்போது ஏழு வயது. அய்யா எங்கள் வீட்டு உள்ளறையில் இருக்கிறார், ஆள் கொஞ்சம் கூச்சக்காரர், அதனால்தான் வெளியே வருவதில்லை என்று நானாக முடிவு செய்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில் அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் பேசும் அப்பா மூன்று வெள்ளிக்கிழமையாகப் பேசவில்லை. நாங்கள் கூப்பிட்டாலும் போன் அணைந்து கிடந்தது. தம்பிக்கு இளைப்பு. கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் தையல் மெஷின் மேல் குவிந்து கிடந்தன. பசு வேறு, இதுதான் சமயம் என்று உதைக்கப் பழகியிருந்தது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

"கொளுத்துங்கக்கா, கொளுத்துங்க. ரெண்டு பேருமா பாக்கட்டும்" என்றாள் அம்மா.

ஒரு சனிக்கிழமை காலையில் தம்பி மூச்சு விட முடியாமல் திணறினான். அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினாள். மாமியும் சந்தைக்குப் போயிருந்தாள்.

"யாரு வந்து கேட்டாலும் வீட்டுல ஆளில்லன்னு சொல்லிராத மக்ளே."

"தனியா இருக்கப் பயமா இருக்கும்மா."

"தனியா எங்க இருக்க? அதான் அய்யா உண்டுல்லா."

அவள் போய் அரை மணி நேரம் இருக்கும். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கூரையில் கயிறு கட்டிய பெட்டிகள். திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி ஊருக்குப் போகிறவர்களின் வண்டி அப்படித்தான் இருக்கும். ஒருவர் இறங்கி வந்தார்.

"வீட்ல பெரியவுக யாரும் இருக்காகளா தாயி?"

"அய்யா உண்டு" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "அய்யா இருக்காகளா? அப்பச் சரி. அவுககிட்டயே சொல்லிருவோம். கூப்பிடு."

"கூப்பிட்டா வெளிய வரமாட்டாரு."

"ஒடம்புக்கு முடியலயா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப தூங்குறாகளா?"

"தூங்கவே மாட்டாரு."

பாவம், அந்த மனுஷர் என்ன செய்வார்? அவர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். அங்கே அய்யா என்றால் தாத்தா. கிழவர் கோபக்காரர் போலிருக்கிறது, தானாக வரட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். வேன்காரன் ஹாரன் அடித்தான். "இருப்பா, உள்ள பெரியவுக இருக்காக. பாக்காமப் போனா மரியாதையா இருக்காது" என்று அவனை அடக்கினார். மூன்றாவது ஹாரனுக்குப் பொறுமை போய், தானே உள்ளே வந்தார். நான் பெருமையாக உள்ளறையைக் காட்டினேன்.

எங்கள் வழியில் சிலை கிடையாது. கண்ணாடிக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துத்தான் கும்பிடுவோம். அவர் எட்டிப் பார்த்தார். காவித்துணி சுற்றிய கண்ணாடியில் சவரம் செய்யாத அவர் முகம்தான் தெரிந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். தம்பி ஊசி போட்ட அசதியில் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருவர் உள்ளறை வாசலில் நிற்பதைக் கண்டு அப்படியே நின்றாள்.

"பயப்படாதீக மதினி. சவுதியில நானும் அண்ணனும் ஒரே ரூம்தான்…"

அம்மா அவரை முடிக்க விடவில்லை.

"ஆளு…" என்றாள். "ஆளு உண்டா?"

நான் திகைத்துப் போனேன். ஊர் கேட்கும், அம்மா பதில் சொல்வாள். அவளே கேட்டு அன்றுதான் பார்க்கிறேன்.

"ஐயோ, அண்ணன் நல்லா இருக்காக மதினி! சாரத்துலேருந்து விழுந்து காலு ஒடிஞ்சுபோச்சு, அம்புட்டுதான். போனும் சில்லுச்சில்லாப் போச்சு. நம்பர் பூராம் அதுக்குள்ள இருந்துச்சாம். இப்பக் கம்பு ஊனி நடக்குறாக. அடுத்த மாசம் வந்துருவாக." சட்டைப்பையிலிருந்து அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "புள்ளகிட்டச் சொல்லிட்டுப் போற சேதி இல்லேன்னுதான் உக்காந்துட்டேன்."

"கட்டுன பொண்டாட்டி நம்பரு தெரியாதாக்கும் சவத்துக்கு!" அம்மா அழுதுகொண்டே அப்பாவைத் திட்டினாள். திட்டத் திட்ட அவள் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அவர் ஒரு வாய் கட்டன்சாயா குடித்துவிட்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவே ஓடிப்போய் வேனில் ஏறினார்.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு தம்பியைப் பாயில் கிடத்தி, பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்தாள். மணி பதினொன்று. பசு கத்தியது. கல்யாண வீட்டார் ஜாக்கெட் கேட்டு வந்து கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. யோசித்துப் பார்த்தால், அந்த மூன்று வாரமும் ராத்திரியில்கூடப் பார்க்கவில்லை. எப்போது விழித்தாலும் மெஷின் முன்னால் உட்கார்ந்துதான் இருந்தாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. அப்பாவுக்குக் கால் ஒடிந்ததைக் கேட்டு அம்மாவுக்கு உடம்புக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்து, சாயங்காலம் அவள் எழும்புகிற வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பயந்து உட்கார்ந்திருந்தேன்.