தம்பி கழற்றிய ரேடியேட்டர்

நானும் என் தம்பியும் போடியில் ஒரே மாதிரி பழைய கார் வைத்திருக்கிறோம். அவன் கார் அடிக்கடி சூடாகி நின்றுவிடும். நான் என்னுடையதற்குப் புது ரேடியேட்டர் போட்டிருந்தேன். போன வருஷம் ஒருநாள், "ஒரு சோலி இருக்குண்ணே" என்று என் காரை வாங்கிப்போய், மறுநாள் திருப்பித் தந்தான்.

அந்த வாரமே, மலையில் ஏலக்காய் எஸ்டேட்டில் இருந்த என் மாமனார் இறந்துபோனார். மனைவியோடு கிளம்பினேன். போடிமெட்டு வளைவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி கார் நின்றுவிட்டது. போனில் சிக்னல் இல்லை. வெகுநேரம் கழித்து வந்த ஒரு ஜீப்பு டிரைவர் பானெட்டைத் திறந்தார்.

"இம்புட்டு ஒட்டுப் போட்ட ரேடியேட்டரை வச்சுக்கிட்டா மலை ஏறுறீக?"

குனிந்து பார்த்தேன். அது என் தம்பி காரில் இருந்த பழைய ரேடியேட்டர்.

ஜீப்பிலேயே போய்ச் சேர்ந்தோம். மழைக்குப் பயந்து, நாங்கள் வருவதற்குள் அடக்கம் பண்ணிவிட்டார்கள். தம்பி முன்பே தன் காரில் வந்திருந்தான். தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"உன் வண்டி ஊருக்குள்ளதானண்ணே ஓடுது. அதான் கழட்டி என்னோடதுல மாட்டிட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன்."

கை ஓங்கப் போனேன். அதற்குள் என் மனைவி அழுதபடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் எங்கப்பா மொகத்தப் பாக்கக் குடுத்துவைக்கல. நீங்களாவது வெரசா வந்து கூட நின்னீகளே, தம்பி."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கையை இறக்கிக்கொண்டேன். இன்றும் அவன் வந்தால் அவள் பாசமாகச் சோறு போடுகிறாள். உண்மையைச் சொல்லி அவளுக்கு இருக்கும் அந்த ஒரு ஆறுதலையும் பறிக்க எனக்கு மனசு வரவில்லை. அவனை மன்னிக்கவும் வரவில்லை.