முதுகில் புல்கறை

பழைய அணிப் பட்டியல்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று கேட்பதற்காகத்தான் வெர்லா ஸ்டெலிக்கைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். அவர் கருத்து யாருக்கும் தேவைப்படவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் உடைகளைத் துவைத்தவருக்கு அலமாரி தெரியாமலா இருக்கும் என்றார் மெர்ல் டீட்ஸ். மெர்ல் ஊரின் காப்பீட்டு முகவர். அணியின் ஆதரவாளர் சங்கத்துக்குத் தலைவர். வெர்லா வந்து அலமாரியைக் காட்டினார். காட்டிவிட்டுப் போகாமல் ஐந்து கூட்டங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

ஐந்துக்கும் குறிப்பெடுத்தவள் நான். பள்ளி அலுவலகத்தில் எனக்கு வேலை. என்னைக் கேட்டால் ஐந்தையும் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம்.

அணிக்கு இந்த ஆண்டு நூறு வயது. புது மைதானத்தின் சுவரில் பித்தளைப் பலகை ஒன்று பதிக்கப் போகிறார்கள். எங்கள் ஊர் வில்லோ ஃபோர்க்கின் வரலாற்றிலேயே சிறந்த பத்து முன்வரிசைக்காரர்களின் பெயர்கள், ஒன்று முதல் பத்து வரை, தரவரிசைப்படி. நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் பக்கத்துக் கால்பந்து, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஓடுகிறவனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். எதிரணி அவன்மேல் பாயாதபடி முட்டித் தள்ளுவது அவர்கள் வேலை. பந்தைத் தொடக்கூட மாட்டார்கள். ஓடியவன் எத்தனை கெஜம் ஓடினான் என்பதற்குப் பதிவு இருக்கிறது. முட்டியவன் எத்தனை பேரை முட்டினான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிறகு எதை வைத்துத் தரம் பிரிப்பது?

குரலை வைத்துத்தான். யார் அதிகம் கத்தினாரோ அவர் சொன்ன பெயர் மேலே ஏறியது.

"ஹாவ்லிச்செக்குக்கு அஞ்சாவது எடமா? அவன் ஒரு தடவ டிராக்டரையே தள்ளுனவன்யா!"

"டிராக்டர் நியூட்ரல்ல இருந்துச்சு. நான்தான் மேல உக்காந்திருந்தேன்."

"நீ உக்காந்திருந்தேல்ல? அப்ப கனம் இன்னும் ஜாஸ்திதானே?"

இதைக் குறிப்பில் எப்படி எழுதுவது? 'ஐந்தாம் இடம் பற்றி விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன். மறு கூட்டத்திலும் அதையே எழுதினேன்.

வெர்லாவின் கணவர் டெல்வினும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. 1974இல் மாநிலக் கோப்பை வென்ற அணியில் அவர் முன்வரிசையின் இடது கோடியில் நின்றவர். அந்த ஆண்டு ஓட்டக்காரன் பெரும்பாலும் இடப்பக்கமாகத்தான் ஓடினான். ஆகவே வழி திறந்தது டெல்வின்தான் என்பது ஊருக்குள் முடிவாகிவிட்ட விஷயம். டெல்வினுக்கு அந்தப் பலகையில் இடம் வேண்டும். எத்தனையாவது என்றாலும் சரி. ஒமாஹாவில் இருக்கும் இரண்டு மகள்களையும் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு வரச் சொல்லிவிட்டார். பாதி ஆட்டத்தில் பலகையைத் திறப்பார்கள் என்று மளிகைக் கடையில், தபால் அலுவலகத்தில், என்னிடம் மூன்று முறை, சொல்லிவிட்டார்.

வெர்லா வடக்குப் பண்ணை ஒன்றில் பிறந்தவர். அண்ணன்கள் மூவரையும்விடத் தூரமாக எறிவாராம். ஆனால் அவர் படித்த காலத்தில் எங்கள் பள்ளியில் பெண்களுக்கென்று எந்த அணியும் கிடையாது. அணிக்கு அருகில் போக ஒரே வழி சலவை அறை. பதினேழு வயதில், 1974இல், மாணவ உதவியாளராகப் போனார். படிப்பு முடிந்ததும் பள்ளி அந்த வேலையையே நிரந்தரமாகக் கொடுத்தது. வேறு வேலை கேட்டாரா என்று ஒருமுறை கேட்டேன். "கேட்டேன். கொடுக்கல. அடுத்து என்ன கேக்கப்போற?" என்றார். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் சனிக்கிழமை காலை சலவை. வெந்நீர் பட்டால் புல்கறை பிடித்துக்கொள்ளும். அதனால் குளிர்ந்த நீரில் வினிகர் ஊற்றி, ஒவ்வொரு சட்டையையும் தொட்டி விளிம்பில் முதுகு மேலே தெரியும்படி விரித்து, தேய்த்து, ஊறப் போடுவார். நாற்பத்தோரு ஆண்டுகள், ஒரு பருவத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள். அத்தனை முதுகுகளையும் பார்த்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

ஆறாவது கூட்டம் வியாழக்கிழமை மாலை, பள்ளி உணவறையில். எல்லோர் முன்னாலும் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு உருட்டுரொட்டியும் இருந்தன. ஒன்பது பெயர்கள் முடிவாகியிருந்தன. பலகையில் பெயர் செதுக்குகிறவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் அன்றைக்கு யாருக்கும் கத்த நேரமில்லை.

"அப்ப பத்தாவது எடம் டெல்வின்," என்றார் மெர்ல். "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே? மிஸஸ் ஸ்டெலிக், நீங்களே உங்க வாயால அறிவிச்சுடுங்க. அழகா இருக்கும்."

எல்லோரும் கைதட்டத் தயாரானார்கள். டெல்வின் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெர்லா கரண்டியைக் கீழே வைத்தார். "லெலண்ட் க்ரூப்," என்றார்.

"எந்த லெலண்ட்?"

"எந்த லெலண்டா? உன் வீட்டுக்கு மாசாமாசம் கேஸ் நிரப்ப வர்றானே, அவன்தான். எழுபத்தி நாலுல அறுபத்தேழாம் நம்பர் சட்ட."

"மிஸஸ் ஸ்டெலிக், அவர் வலப்பக்கம் நின்னவரு. அந்த வருஷம் ஓட்டமெல்லாம் இடப்பக்கம். அப்ப ஆட்டத்த எடுத்த படத்துலயே இருக்கு, நாங்க இருபது தடவ ஓட்டிப் பாத்துட்டோம்."

"படம் பந்து பின்னாடிதானே போகுது? பந்தத் தொடாதவன அதுல எங்க தேடுவ?" நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டார். "அஞ்சு கூட்டமா இதுக்குத்தான் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். ஒருத்தனுக்காவது தோணுமான்னு. எதிராளியத் தள்ளிக்கிட்டுப் போய் அவன் மேலயே விழறவனுக்குக் கறை எங்க இருக்கும்? முட்டியில, மாருல. தள்ளப்பட்டு மல்லாக்க விழறவனுக்கு? முதுகுல. இதுக்குப் படம் எதுக்கு?"

வெர்லா தட்டை ஓரமாகத் தள்ளினார்.

"லெலண்ட் சட்டை முதுகு அந்த வருஷம் முழுக்க வெள்ளவெளேர்னு இருந்துச்சு. அதுமட்டுமில்ல. அவன் முட்டியில சுண்ணாம்பு இருக்கும். ஓரக்கோட்டுச் சுண்ணாம்பு. மைதானத்து நடுவுல நிக்கறவன் முட்டிக்கு ஓரக்கோடு எப்படி வந்துச்சு? வலப்பக்கத்துலேர்ந்து கெளம்பி, வரிசைக்குப் பின்னாடியே ஓடி, இடப்பக்கம் போய் வழி திறந்துட்டு ஓரம்வரைக்கும் போயிருக்கான். ஒவ்வொரு வாரமும்."

"சரி, டெல்வினோட சட்டை?" என்றார் மெர்ல். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பச்ச."

"அது... ஒரு ஆட்டத்துல வழுக்கியிருக்கலாம்."

"பதினோரு ஆட்டத்துலயுமா வழுக்குவான்? மெர்ல், எண்பத்தி நாலுல நீயும் முன்வரிசதான். உன் சட்டையையும் நான்தான் துவைச்சேன். அதைப் பத்தியும் பேசலாமா?"

மெர்ல் சில்லியைக் கிளறினார். பிறகு, "அப்ப மத்த ஒன்பது பேரு?" என்றார் பயந்துபோய்.

"எழுபத்தி நாலுக்கு முன்னாடி உள்ளவங்கள எனக்குத் தெரியாது. அவங்களுக்கு நீங்களே கத்திக்குங்க. அப்புறம் வந்த நாலு பேரும் சரிதான். ஒருத்தன் ரெண்டு எடம் கீழ இருக்கணும், போனாப் போகட்டும்."

எல்லோரும் டெல்வினைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுத்திருந்தால் போதும், அவர் பெயரையே எழுதியிருப்பார்கள். டெல்வின் தன் உருட்டுரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டு நிறையத் தூளாக்கினார். "லெலண்ட்னே போடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை எனக்கு வீட்டுக்குப் போக வேறு வண்டி இல்லை. வெர்லா, டெல்வின் வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் குடியிருக்கிறேன். டெல்வினின் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நடுவில் நான்.

"நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு," என்றார் டெல்வின். "எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்கல நீ."

"நீ கேக்கல."

"தெரிஞ்சேவா என்னைக் கட்டிக்கிட்ட?"

"கட்டிக்கிட்டேன். தரம் பாத்தா கட்டிக்கிட்டேன்?"

டெல்வின் கியரை மாற்றினார். என் முழங்காலில் இடித்தது. மன்னிப்புக் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

"வேற யாராவது சொல்லியிருக்கலாமே வெர்லா. உன் வாய்லேர்ந்தா வரணும்?"

"வேற யாரு துவைச்சா?"

கொஞ்ச தூரம் போனதும் டெல்வின், "கோப்பை ஆட்டத்துல லெலண்ட் என்ன சொன்னான் தெரியுமா?" என்றார். "'டெல்வின், நீ உன் ஆளப் பிடிச்சுக்கிட்டே சும்மா கீழ விழுந்துடு. உங்க ரெண்டு பேரையும் நான் தாண்டிப் போயிக்கறேன்'னான். அப்படித்தான் செஞ்சேன். செயிச்சோம். எல்லாரும் என்னைத் தூக்குனாங்க. எறக்கி விடுங்கடான்னு நான் சொல்லல."

"இப்ப சொல்லிட்டேல்ல?"

"பொண்ணுங்கள வரச் சொல்லிட்டேனே!"

"வரட்டும். ஆட்டம் பாக்கட்டும்."

எங்கள் தெரு வந்தது. டெல்வின் திருப்பவில்லை. "டெல்வின், வீடு," என்றார் வெர்லா. டெல்வின் பாட்டுக்கு ரயில் பாதையைத் தாண்டி, கேஸ் கிடங்கின் முன்னால் போய்த்தான் நிறுத்தினார். லெலண்ட் க்ரூப் லாரிக்குப் பக்கத்தில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன, அதுக்குள்ள டாங்க் காலியா?" என்றார் லெலண்ட்.

"பலகையில பத்தாவது எடம் உனக்கு," என்றார் டெல்வின், இறங்காமலேயே. "நாளைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு மைதானத்துக்கு வந்துடு."

"எந்தப் பலகை?"

"எந்தப் பலகையா! நாலு மாசமா ஊரே இதத்தான் பேசிக்கிட்டிருக்கு!"

"எனக்கு எதுக்குப்பா? நாளைக்கு சாயங்காலம் ரெண்டு பண்ணைக்குப் போகணும். உன் பேரையே போடச் சொல்லு."

டெல்வின் ஸ்டீயரிங்கைக் கையால் ஓங்கி அடித்தார். ஹார்ன் அலறியது. "யோவ்! என் பொண்டாட்டி ஊர் முன்னால என் மானத்த வாங்கி உனக்கு அந்த எடத்த வாங்கிக் கொடுத்திருக்கா. நீ வேணாங்கறியா? குளிச்சுட்டு, நல்ல சட்ட போட்டுக்கிட்டு, வர்ற. நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

லெலண்ட் குழாயைக் கீழே போட்டுவிட்டு ஜன்னல் அருகில் வந்து வெர்லாவைப் பார்த்தார். "நீயா சொன்ன? அப்ப இவன் எத்தனாவது?"

"நான் பாத்தவங்களுக்குள்ளயா?" வெர்லா யோசிக்கவே இல்லை. "இருபத்தி மூணு."

"இருபத்தி மூணா!" என்றார் டெல்வின்.

"அவ்வளவு மேலயா?" என்றார் லெலண்ட்.

டெல்வின் வண்டியைக் கிளப்பினார். "ஏழு மணி," என்று ஜன்னல் வழியே கத்தினார். கிடங்கின் வாசலைத் தாண்டும்போதே, "இருபத்திரெண்டு யாரு?" என்று ஆரம்பித்தார். வீடு வருகிறவரை ஒவ்வொரு பெயராக மேலே ஏறிக்கொண்டே போனார்கள். ஒவ்வொன்றுக்கும் டெல்வினிடம் ஆட்சேபம் இருந்தது.