வலை ஏறும்போது மங்கும் படம்

என் அண்ணி கடலில் கால் நனைத்ததோடு சரி, படகில் ஏறியதே இல்லை. பேருந்தில் பின் இருக்கை கிடைத்தாலே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிற ஆள். ஆனாலும் எங்கள் துறைமுகத்துப் பெரிய படகுகளில் யார் இடதுகைக்காரர், யார் வலை இழுக்கும்போது வாய் ஓயாமல் பேசுவார், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. படகு ஆட்களில் ஒருவருக்குக்கூட அவளைத் தெரியாது.

அண்ணியை 'அவள்' என்று எழுதலாமா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே அவள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வாடி போடி என்று பழகிவிட்டு இனிமேல் மரியாதை கொடுத்தால் அவளே என்னைச் சந்தேகமாகப் பார்ப்பாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வேலை. ஐஸ் பேக்டரிக்கு மேலே ஓர் அறை. கீழே ஐஸ் உடைக்கிற இயந்திரம் ஓடினால் மேஜையில் டீ டம்ளர் தானாக நகரும். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. அந்த இருட்டில் உட்கார்ந்து, படகுகளில் மாட்டியிருக்கிற கேமரா எடுத்த படத்தைப் பார்க்க வேண்டும். சத்தமில்லாத படம். வலை ஏறும், மீன் கொட்டும், தரம் பிரிப்பார்கள், மறுபடி வலை இறங்கும். எனக்குக் கொஞ்ச நேரத்திலேயே கொட்டாவி வந்துவிடும். வயிற்றுப்பாட்டுக்காகப் பார்க்கிறேன், பொய் சொல்வானேன். அண்ணி அப்படியில்லை. "ஏன் இன்னிக்கு இவரு சட்டையைத் திருப்பிப் போட்டிருக்காரு?" என்று என் தோளைத் தட்டுவாள். அடுத்த வீட்டில் மூக்கை நுழைத்தால் ஊர் திட்டும். இங்கே அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள், அவளுக்கு வேறு என்ன வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்துக்கு ஒரு படகு இவ்வளவு எடைதான் பிடிக்கலாம் என்று பங்கு வைத்திருக்கிறார்கள். வலையில் ஏறியது சின்னதோ பெரிதோ, எல்லாமே அந்தப் பங்கில் சேரும். சின்ன மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டுப் பெரிய மீனை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தால் நல்ல விலை கிடைக்கும், பங்கும் மிச்சமாகும். கொட்டிய மீன் பிழைப்பதில்லை என்பதுதான் சிக்கல். படகுக்குப் படகு ஓர் அதிகாரியை ஏற்றி அனுப்ப முடியாது, அதனால் கேமரா. படகு கரைக்கு வந்ததும் பதிவுப் பெட்டியை எங்களிடம் கொடுத்துவிட்டு வேறு பெட்டி வாங்கிப் போவார்கள்.

அப்படி வந்ததுதான் நீலப் படகின் பெட்டி. மற்ற நேரமெல்லாம் படம் சுமாராகத் தெரியும். ஆட்கள் தலை சீவுவது, கயிற்றுச் சுருளில் சாய்ந்து தூங்குவது, எல்லாம் தெரியும். வலை ஏறுகிற நேரம் வந்தால் மட்டும் படத்தில் வெள்ளையாகப் புகை படிந்துவிடும். மீன் ஏறுகிறதா, கல் ஏறுகிறதா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். எச்சரிக்கை கொடுத்தார்கள். அடுத்த பயணத்தில் இன்னும் மோசம். அதற்கடுத்ததில் சுத்தம், ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் மேற்பார்வையாளர் நல்ல மனிதர்தான். ஆனால் சந்தேகப் பிராணி. தன் வீட்டுக் கடிகாரத்தையே நம்பாமல் எங்களிடம் மணி கேட்பார். "நமக்கே காது குத்தப் பாக்குறானுங்க. குறிப்பு எழுதிக் குடுத்துடுங்கம்மா, இந்த சீசன் முழுக்கப் படகைக் கட்டிப் போட்டுடலாம்" என்றார்.

கட்டிப் போடுவது என்றால் அந்தப் படகை நம்பியிருக்கிற அத்தனை பேரும் கரையில் வெறும் கையோடு நிற்பார்கள் என்று அர்த்தம். எல்லா இடத்திலும் ஆள் எடுத்து முடித்த நேரம் அது. வேறு படகில் ஏறவும் முடியாது.

அண்ணி எழுதவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டினாள். வலை ஏறுவதற்குச் சற்று முன்னால் கேமராவின் அடியிலிருந்து ஒரு கை மேலே வந்தது. கையில் கட்டம் போட்ட துணி. பிறகு ஒரு முகம், திரை கொள்ளாமல், அவ்வளவு பக்கத்தில். நடு வயது. புருவத்தில் ஒரு தழும்பு. அந்த மனிதர் கண்ணாடி மேல் வாயால் ஊதினார், நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் துடைத்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், மறுபடி ஊதித் துடைத்தார். அவர் இறங்கினதும் அலை தெறித்தது. படம் மங்கிவிட்டது.

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான் பாருங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"மறைக்கணும்னா ஒரு சாக்கைத் தூக்கிப் போட்டாப் போதுமே சார். இந்த மனுஷன் எதுக்கு ஊதி ஊதித் துடைக்கிறாரு? எனக்கு நாளைக்கு வரைக்கும் டைம் குடுங்க."

"ஒரு நாள்தான்" என்று முனகிக்கொண்டே போனார்.

அன்று முழுக்க அவள் மீனைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்தாள். அவர் அந்தப் படகின் சமையல்காரர். அந்தத் துணி அவர் தோளைவிட்டு இறங்குவதே இல்லை. சூடான பாத்திரத்தை அதால்தான் பிடித்தார். வாணலியை அதால்தான் துடைத்தார். கையையும் அதிலேயே. பிறகு படகை ஓட்டுகிற டிரைவர் தன் அறையிலிருந்து தலையை நீட்டி ஏதோ சொல்வார். சமையல்காரர் அதே துணியோடு கேமராவுக்கு ஏறுவார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் மூக்குக் கண்ணாடியைக் காணோம். தேடிக்கொண்டு அடுப்படிக்குப் போனால், அண்ணி அடுப்புத் துணியால் அதை ஊதி ஊதித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில், துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில். அதில் உப்புத் தண்ணீர்.

"ஏன்டி, வீட்ல வேற கண்ணாடியே இல்லையா?"

"உன்னோடதுதான் நல்ல கண்ணாடி" என்று சொல்லிவிட்டு உப்புத் தண்ணீரைத் தெளித்து என் மூக்கில் மாட்டினாள். எதிரில் நின்ற என் அண்ணன் வெள்ளைப் புகையாகத் தெரிந்தான். அலுவலகத் திரையில் பார்த்த அதே புகை. எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அண்ணன் மட்டும், "ரெண்டு பேருக்கும் ஒண்ணா வேலை வாங்கிக் குடுத்தவனைச் சொல்லணும்" என்றான். வாங்கிக் கொடுத்தது அவன்தான்.

மறுநாள் கேமரா மெக்கானிக் படகுக்குப் போய் அந்தத் துணியையே வாங்கிக்கொண்டு வந்தார். அறை முழுக்கப் பொரித்த எண்ணெய் வாசம். நடந்தது இதுதான். 'இந்தப் படகிலேயே உன் கைதான் சுத்தமான கை, வலை ஏறும்போது கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும்' என்று டிரைவர் பொறுப்பைச் சமையல்காரரிடம் விட்டிருக்கிறார். எச்சரிக்கை வந்ததும் பாவம், பயந்துபோய் இன்னும் அழுத்தித் துடைத்திருக்கிறார். துடைக்கத் துடைக்க எண்ணெய் ஏறி, வலை ஏறும்போது தெறிக்கிற உப்புத் தண்ணீர் அதில் ஒட்டிப் புகையாகியிருக்கிறது. மேற்பார்வையாளர்கூடச் சிரித்துவிட்டார். கட்டிப் போடுகிற பேச்சு அதோடு போயிற்று. அண்ணி விடாமல் நச்சரித்து, புதுப் பருத்தித் துணியும் நல்ல தண்ணீர் பாட்டிலும் படகுக்குக் கொடுத்தனுப்ப வைத்தாள். அந்த வாரம் அவள் நடையே வேறு.

அடுத்த பயணம் முடிந்து பெட்டியைக் கொண்டுவந்தது அந்தச் சமையல்காரர்தான். வேறு பெட்டி தயாராகவில்லை என்று மெக்கானிக் அவரை வெளி பெஞ்சில் உட்காரச் சொன்னார். அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரிசையில் காத்திருந்த படகுகளையெல்லாம் தள்ளிவிட்டு நீலப் படகை முதலில் போட்டாள்.

புருவத் தழும்பு வந்தது, புதுத் துணி வந்தது, போயிற்று. வலை ஏறியது. படம் கழுவி வைத்தது போல இருந்தது. மீனின் செதில்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. "பாருடி, பாருடி" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். நானும் கொட்டாவியை மறந்து பார்த்தேன்.

அப்புறம் அவள் பிடி தளர்ந்தது. படத்தின் இடது ஓரத்தில், கைப்பிடிக் கம்பியின் இடைவெளி வழியாக, இரண்டு பேர் கூடை கூடையாகச் சின்ன மீனைக் கடலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை, தினப்படி வேலை போலச் செய்தார்கள். டிரைவர் அறையிலிருக்கிற சின்னத் திரை ஓரத்தை வெட்டிவிடும், மீன் தரம் பிரிக்கிற மேஜையைத்தான் காட்டும். கேமரா அவ்வளவுதான் பார்க்கும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் திரையில் முழுப் படமும் வரும். டிரைவரே வந்து நின்று, எந்தக் கூடை என்று கையைக் காட்டினார்.

"அவரு எங்க?" என்று அண்ணி படத்தைப் பின்னால் ஓட்டினாள். சமையல்காரர் கண்ணாடியைத் துடைத்த கையோடு அடுப்பைப் பார்க்கக் கீழே இறங்கிப் போயிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு டீயோடு ஏறி வந்தார். "அவருக்குத் தெரியாதுடி" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேற்பார்வையாளர் வெளியே போயிருந்தார். "ஓரத்துலதானே இருக்கு. கண்ணுல படலன்னு வச்சுக்கோயேன்" என்றேன். சொன்னது தப்புத்தான், ஆனால் மனசாரச் சொன்னேன்.

"பாத்துட்டேனேடி" என்றாள்.

தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனாள். பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்றார். நாங்கள் யார் என்று படகு ஆட்களிடம் சொல்லக் கூடாது, அது விதி. ஆனால் அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"துணி குடுத்தனுப்பினது நீங்கதானாம்மா? படம் எப்படி வந்திருக்கு?"

அண்ணி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றாள். நான் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரொம்பத் தெளிவா வந்திருக்குண்ணே. ஒண்ணு விடாம எல்லாம் தெரியுது."

அந்த மனிதருக்கு வாயெல்லாம் பல். "நல்ல தண்ணி தொட்டு, அப்புறம் காஞ்ச துணி. நீங்க சொல்லி அனுப்பின மாதிரியேதான் செஞ்சேன். இந்த சீசன் எங்க படகு என் கையாலதான் பொழைச்சுதுன்னு வீட்ல சொல்லியிருக்கேன்."

மெக்கானிக் புதுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். கேமராக் கண்ணாடி மிக நன்றாகத் துடைக்கப்பட்டிருக்கிறது, துடைத்தவர் படகின் சமையல்காரர் என்று முதல் வரியில் எழுதினாள். குறிப்பில் அதற்கு இடமே கிடையாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வரியில் கூடைகளை எழுதத் தொடங்கினாள்.