தப்புக்குப் போட்ட டிக்

சன்னல் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ‘நாப்பத்தஞ்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவள் வயதும் இல்லை, கூலியும் இல்லை. அலுமினியச் சட்டத்தின் முனையை நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் அறுத்து, அப்படி இரண்டைச் சேர்த்தால்தான் சன்னலுக்கு மூலை வரும். அரை டிகிரி பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பந்தயம் கட்டிக் கோணமானியை வைத்துப் பார்த்துத் தோற்றவர்கள் உண்டு.

பதினொரு வருஷம் அறுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றதில் கண் தப்பித்தது, கைதான் போய்க்கொண்டிருந்தது. அதிர்வு ஏறி ஏறி வலது கையில் மூன்று விரல்கள் மரத்துவிட்டன. டம்ளரை எடுத்தால், எடுத்தோமா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

“இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே நின்னீங்கன்னா, இந்தக் கை சட்டைப் பொத்தான்கூடப் போடாதும்மா” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, அளவு சரிபார்க்கிறவருடைய இடம் காலியானது. கண்ணாடி அறை, ஒரு நாற்காலி, ஒரு மேஜை. ஒன்பது மணிக்குப் போய் ஆறு மணிக்கு வரலாம். வருகிற சட்டங்களைப் பார்த்து இது ஆகும், இது ஆகாது என்று சொன்னால் போதும். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. ஆனால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டுமாம். அவளோ எட்டோடு நின்றவள்.

“உன்ன விட்டா அந்த நாற்காலிக்கு யாரு இருக்கா?” என்றார் மேஸ்திரி. “ஆனா ஆபீஸ்ல பேப்பர் கேக்குறாங்க. இந்த வருஷப் பரீட்சைய எழுதி பாஸ் பண்ணிட்டு வா. அதுவரைக்கும் யாரையும் உக்கார விடாம நான் பாத்துக்கறேன்.”

மற்ற பாடங்களை எப்படியோ உருட்டிவிடலாம் என்று தைரியம் இருந்தது. கணக்குதான் பயம். கணக்கிலும், வேடிக்கையைப் பாருங்கள், கோணங்களைப் பற்றி நிரூபணம் எழுதுவதுதான் அவளுக்கு வரவேயில்லை. கோணத்தாலேயே சோறு தின்றவளுக்குக் கோணம் வரவில்லை!

வீட்டிலேயே கணக்கு டீச்சர் இருந்தாள். புருஷனுடைய அக்கா. கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள். பகலில் பள்ளிக்கூடம், ஐந்து மணிக்கு மேல் மாடியில் டியூஷன். தெருப் பிள்ளைகளெல்லாம் அவளிடம்தான். கீழே முன்னறையில் மாமியார். ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய், சன்னலோரக் கட்டிலில் நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. காது மட்டும் கத்தி மாதிரி. காலை ஆறிலிருந்து இரண்டு வரை நாப்பத்தஞ்சுக்கு வேலை. அதுவரை மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு கூலிக்காரம்மா வருவாள். இரண்டு மணிக்கு மேல் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் மருமகள் தலையில்.

நாத்தனாரிடம் பயந்து பயந்துதான் கேட்டாள்.

“சொல்லித் தர்றேன். அதுக்கென்ன?” என்றாள் நாத்தனார்.

தெய்வம் வழிவிட்டது என்று நினைத்தாள், பைத்தியக்காரி.

பாடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில். நோட்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் கூற்று, வலது பக்கம் காரணம். முதல் கணக்கில், வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளில் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்று காட்ட வேண்டும். அவள் படத்தைப் பார்த்தாள். சமம்தான். காரணம் என்ற இடத்தில் ‘பார்த்தாலே தெரிகிறது’ என்று எழுதினாள்.

நாத்தனார் அதை உரக்கப் படித்தாள். மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த டியூஷன் பிள்ளைகளை நிறுத்தி, அவர்களுக்கும் ஒரு தடவை படித்துக்காட்டினாள். அதுகள் சிரித்தன.

“உனக்குத் தெரிஞ்சா போதுமா? குருடனுக்கும் புரியற மாதிரி காரணம் எழுதணும். மரமண்ட!”

அடுத்த நாள் ‘அளந்து பார்த்தேன்’ என்று எழுதினாள். நாத்தனார் மர ஸ்கேலைத் திருப்பி விரல் முட்டியில் ஒன்று வைத்தாள். மரத்த விரல்கள்; வலிக்கவில்லை. கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“பாரேன், அடிச்சாக்கூட உறைக்கல!” என்று சொல்லி இன்னும் இரண்டு போட்டாள். மாமியார் இடது கையால் கட்டிலைத் தட்டினாள். அது யாருக்குச் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

அவமானத்தை முழுங்கிக்கொண்டு படித்தாள். சாப்பாட்டு இடைவேளையில் அறுத்துப்போட்ட சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, இது குறுக்குவெட்டி, இது ஒத்த கோணம், இது ஒன்றுவிட்ட உட்கோணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு மை குறைந்தது. இரண்டு கோடுகள் இணை என்று நிரூபிக்கும் கணக்குகள் வந்தபோது எல்லாவற்றுக்குமே டிக் விழுந்தது. ஒரு நோட்டு முழுக்கப் பதினேழு கணக்கு, பதினேழு டிக். நாத்தனார் திட்டவுமில்லை, ஸ்கேலை எடுக்கவுமில்லை.

“இது உனக்கு நல்லா வருது. பரீட்சைல இதையே எழுது” என்றாள். அன்று ராத்திரி அவளுக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது, ஐந்து மதிப்பெண்ணுக்கு. ஒரு வரி விடாமல் எழுதினாள். மற்ற பாடங்கள் தேறிவிட்டன. கணக்கில் முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. வந்தது முப்பத்தொன்று.

மேஸ்திரியால் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை. கண்ணாடி அறையில் வேறொருவனை உட்காரவைத்தார்கள். அவனுக்கு நாற்பத்தைந்துக்கும் நாற்பத்துமூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் பேப்பர் இருந்தது.

அவளுக்கு மனசு ஆறவில்லை. விடைத்தாள் நகலுக்கு எழுதிப்போட்டு வாங்கிப் பார்த்தால், அந்த ஐந்து மதிப்பெண் கணக்குக்கு முட்டை! திருத்தியவன் குடித்துவிட்டுத் திருத்தியிருக்கிறான் என்றே நினைத்தாள். நோட்டையும் நகலையும் எடுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரியம்மா பொறுமையாக வாங்கிப் பார்த்தார்.

“ரெண்டு கோடும் இணைன்னு நிரூபிக்கச் சொல்லியிருக்கு. நீங்க மொத வரியிலயே ‘இரண்டும் இணைகோடுகள்’னு எழுதிட்டீங்களேம்மா.”

“ஆமாங்க. அத வெச்சுத்தானே கோணம் மூணும் ஏழும் சமம்னு வருது? சமம்னா இணை.”

“எது வரணுமோ அதையே மொதல்ல வெச்சுக்கிட்டா, அப்புறம் நிரூபிக்க என்ன இருக்கு?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இயந்திரத்தில் அப்படித்தானே! முதலில் நாற்பத்தைந்தில் முள்ளை வைத்துவிட்டுத்தான் அறுப்பார்கள். வரவேண்டியதை முன்னால் வைத்து வேலையை அதற்குக் கொண்டுவருவது பதினொரு வருஷப் பழக்கம்.

அதிகாரியம்மா ஒரு துண்டுத்தாளில் எழுதிக்காட்டினார். ஒன்றும் ஏழும் சமம், கொடுக்கப்பட்டது. ஒன்றும் மூன்றும் சமம், குத்தெதிர்க் கோணங்கள். ஆகவே மூன்றும் ஏழும் சமம். அவை ஒத்த கோணங்கள், ஆகவே கோடுகள் இணை. நாலே வரி, இரண்டே நிமிஷம். இதுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது.

அதிகாரியம்மா அதற்குள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“எல்லாத்துலயும் இதே தப்பு. இதுக்கெல்லாம் டிக் போட்டது யாரு? கணக்குத் தெரியாதவங்களா?”

“இருபத்திரண்டு வருஷமா கணக்கு டீச்சருங்க.”

அந்த அம்மா நோட்டை மூடி அவள் கையில் கொடுத்தார்.

வீட்டில் நாத்தனார் பின்பக்கக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?”

நாத்தனார் நோட்டைப் பார்த்தாள். “தெரியும்.”

“எப்போலருந்து?”

“மொத கணக்குலருந்து.”

“அப்புறம் ஏன் டிக் போட்டீங்க?”

“மெதுவாப் பேசு, அம்மா காதுல விழும். நீ ஆறு மணி வரைக்கும் நாற்காலில உக்காந்துட்டு வந்தா, சாயங்காலம் அம்மாவ யாரு தூக்கறது? டியூஷன விட்டுட்டு நானா? சொல்லித் தரமாட்டேன்னு சொல்லியிருந்தா தெருவே என்னைக் காறித் துப்பியிருக்கும். சொல்லித் தந்தேன்ல? நீ பாஸாகல.”

“என் கை போகுது, அண்ணி.”

“எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு போகுது.”

வாசற்படியில் துண்டோடு நின்ற புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“அக்கா என்கிட்ட சொல்லிட்டுதான் செஞ்சா” என்றான். “எனக்கும் வேற வழி தோணல.”

அடப்பாவி! நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதை இரண்டு பேர் கலந்து பேசிச் செய்திருக்கிறார்கள். ஒருத்தி கத்தியைப் பிடித்தாள், ஒருத்தன் விளக்கைப் பிடித்தான்.

அவள் யாரிடமும் போகாமல் தானே படித்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினாள். பேனாவை விரலோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு எழுதினாள். அறுபத்தெட்டு வந்தது. நாற்காலி வரவில்லை. இனி அது எப்போது காலியாகும் என்று மேஸ்திரிக்கே தெரியாது.

தெருவுக்கு அவள் பாஸான செய்தியைச் சொன்னது நாத்தனார்தான். வாசலில் நின்று எதிர்வீட்டு அம்மாவிடம், “எட்டாவதோட நின்னவ. கல்லுல நார் உரிச்சிருக்கேன்!” என்றாள். எதிர்வீட்டு அம்மா பூரித்துப்போனாள். தன் மகளுக்கு உதவித்தொகைப் பரீட்சை வருகிறது, அவளையும் டீச்சரிடமே விடுவதாகச் சொன்னாள்.

வாளியோடு வெளியே வந்த நாப்பத்தஞ்சுக்குப் பொறுக்கவில்லை.

“வேணாம்க்கா. வேற யார்கிட்டயாவது விடுங்க. எனக்கு இவங்க தப்புன்னு தெரிஞ்சே டிக் போட்டாங்க.”

எதிர்வீட்டு அம்மாவின் முகம் சுருங்கியது. “என்னம்மா இது, சோறு போட்ட கையக் கடிக்கிற மாதிரி? எதுக்கு அப்படிப் பண்ணப்போறாங்க? ஒரு காரணம் வேணாமா?”

காரணம் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்திலேயே முன்னறைச் சன்னலும் திறந்திருந்தது. அதற்குக் கீழே மாமியார் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். உன்னைத் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் உன் பிள்ளையும் பெண்ணும் என் கையை முடித்துவிட்டார்கள் என்று அந்தக் காதில் விழும்படி எப்படிச் சொல்வது? அந்த வீட்டில் அவளுக்காக ஒரு தடவையாவது கட்டிலைத் தட்டிய ஜீவன் அது ஒன்றுதான்.

நாத்தனார் சன்னலைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“சொல்லு. காரணம் எழுதலன்னா மார்க் கிடையாதுன்னு எத்தன தடவ சொல்லித் தந்திருக்கேன்!”

எதிர்வீட்டு அம்மாவும் சிரித்துவிட்டாள். இவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் புது நோட்டோடு வந்து மாடியேறினாள். கீழே முன்னறையில் மருமகள் மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். வலது கை பிடிக்கவில்லை. முழங்கையைக் கொடுத்துத்தான் தூக்கினாள்.