இறக்கையை விடாத பையன்

அன்றைக்கு எனக்கு முதுகு நிமிரவில்லை. வாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கத்தில் மண்டியிட்டு வெட்டிய வலி, ஞாயிறு மாலைவரை இடுப்பில் ஆணி அடித்ததுபோல நின்றது. அப்படி வலிக்கிறவன் கனவு காண மாட்டான். இது நடந்தது. நம்பாதவர்கள் எழுந்து போகலாம். உங்கள் நற்சான்றிதழை வைத்து நான் சூப் காய்ச்சப் போவதில்லை.

1954, நவம்பர், யார்க்ஷையர். போர் முடிந்து கைவிடப்பட்ட விமானத் திடலில், விமானப்படையின் கேடட் பையன்களுக்கு ஞாயிறுதோறும் கிளைடர் பயிற்சி. இஞ்சின் கிடையாது, மரச்சட்டத்தில் துணி போர்த்திய விமானம். திடலின் மறுகோடியில் விஞ்ச் என்கிற இழுவை இயந்திரம் கம்பியைச் சுருட்டி இழுக்க, கிளைடர் பட்டம்போல ஏறும். அந்த விஞ்சை ஓட்டியவன் நான்.

கிளைடருக்கு ஒரே சக்கரம். சும்மா விட்டால் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். புறப்படும்போது ஒரு பையன் இறக்கை நுனியைத் தூக்கிச் சமமாகப் பிடித்து, நாலு எட்டு கூடவே ஓடி, கையை விடவேண்டும். இறக்கை நிமிர்ந்தால் தயார் என்று பொருள். சார்ஜன்ட் வோமக் விளக்கைச் சிமிட்டுவார். நான் இழுப்பேன்.

பிடிப்பதும், தள்ளுவதும், சேற்றில் கம்பி இழுப்பதும் எங்கள் தெருப் பையன்கள். பறப்பது பெரும்பாலும் திடலின் பொறுப்பு அதிகாரி ஹாலமின் கிளப் நண்பர்கள் பெற்ற செல்வங்கள். போரில் ஹாலம் ஓட்டியது மேசையை.

அன்று காலையிலிருந்து இறக்கை பிடித்தவன் எரிக் டிங்கிள். பதிலுக்கு ஒருமுறை பறக்க விடுவதாக வாக்கு. வெளிச்சம் மங்கியதும் ஹாலம் மறுகோடியிலிருந்து திடல் போனில் என்னைக் கூப்பிட்டார்.

"நார்மன், வண்டிய மூடு. டிங்கிள அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"போன வாரமும் அதத்தான சொன்னீங்க? அவன ஏத்துங்க சார். இல்லன்னா அடுத்த வாரம் விஞ்ச நீங்களே ஓட்டிக்குங்க."

"கரி வெட்றவனுக்கு வாய் ரொம்ப நீளம்."

"நீளந்தான். கம்பிய மாட்டுங்க."

கிளைடரில் முன்னால் எரிக், பின்னால் ஹாலம். இறக்கை நிமிர்ந்தது. விளக்கு சிமிட்டியது. இழுத்தேன்.

நுனியைப் பிடித்தவன் ஓடினான். நாலு எட்டு ஆயிற்று. விடவில்லை. கிளைடர் வேகத்துக்கு ஓடி வருகிறான்...

சக்கரம் தரையை விட்டது.

அவன் விடவில்லை. பூட்ஸ் இரண்டும் காற்றில் தொங்கின.

இழுப்பை நிறுத்தினால் கிளைடர் மூக்கடித்து விழும். நிறுத்தாவிட்டால் அவன் விழுவான்.

ஒரு ஆள் தொங்குகிறான்... இறக்கை விரற்கடைகூடச் சாயவில்லை.

டக்! தலைக்கு மேல் கம்பி கழன்றது.

அண்ணாந்தேன்.

நுனியில் யாருமில்லை.

திடல் நெடுகப் புல்லில் உடலைத் தேடிக்கொண்டே ஓடினேன். எதுவும் இல்லை. மறுகோடியில் கிளைடர் இறங்கி நின்றது.

"இறக்கைய யாரு பிடிச்சா?"

"பையன்தான். பின்ன ராணியா வந்து பிடிப்பா?" என்றார் ஹாலம்.

"எந்தப் பையன்?"

அவருக்குத் தெரியவில்லை. இறக்கை பிடிக்கிறவன் முகத்தைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மற்ற பையன்களை அதற்கு முன்பே கொட்டகைக்கு டீ குடிக்க அனுப்பியாயிற்று. ஒருத்தனும் வெளியே வரவில்லை. விளக்கோடு தள்ளி நின்ற வோமக், அந்த மங்கலில் இறக்கை நிமிர்ந்ததை மட்டும்தான் பார்த்திருந்தார்.

எரிக்தான் சொன்னான். "செம்பட்டத் தலைண்ணே. தொப்பி இல்ல. 'போய்ட்டு வா, எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லு'ன்னான்."

வோமக்கின் முகம் செத்துப்போயிற்று. ஹாலம் காரில் ஏறிப் போனதும் என்னிடம் சொன்னார்.

"சிரில் கார்பட். ரெண்டு குளிர்காலம் இறக்கை பிடிச்சான். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் 'அடுத்த வாரம்'தான். ஆலங்கட்டி மழையில நாளெல்லாம் நின்னுட்டு, ஈரச் சட்டையோட சைக்கிள்ல வீட்டுக்குப் போனான். நிமோனியா. நீ வர்றதுக்கு முந்தின வருஷம் புதைச்சோம்."

"ஹாலமுக்குத் தெரியுமா?"

"மலர் வளையம் அனுப்பினாரு. பேரத் தப்பா எழுதி."

ஹாலம் பிறகு பதவி உயர்ந்து, பென்ஷன் வாங்கி, கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். சிரில் கார்பட்டை ஒருமுறை பறக்க விடவேண்டிய கடன் அவருக்குப் பாக்கி. இன்றுவரை தீர்க்கவில்லை.